சைக்கிள் ஹைட்ராலிக் பிரேக்கில் பைக் ஆயில்: தண்டையார்பேட்டை பக்கம் நடந்த வேலை

வடசென்னையில் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும்) டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள் ஓட்டுபவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம், பெயரை மாற்றினால் நான்கு கடைக்குப் பொருந்தும். அங்கே சர்வீஸுக்குப் போன ஒரு எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்), மூன்றே வாரத்தில் முன் சக்கரம் சுற்றாத நிலைக்கு வந்து நின்றது. பிரித்துப் பார்த்ததில் கிடைத்ததையெல்லாம் கீழே எழுதியிருக்கிறது.

வண்டியில் இருப்பது ஷிமானோ எம்டி200 பிரேக், இரண்டு பக்கமும் 160 மி.மீ. ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடு). கொடுக்கும்போது சொன்ன குறை இரண்டு: பின் லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, முன் பிரேக் கத்துகிறது. கூடவே, நீளமாகத் தொங்கிய முன் ஹோஸை (ஆயில் போகும் குழாயை) குறைத்துத் தரச் சொன்னது. பில்: இரண்டு பக்கமும் ‘ஃபுல் பிளீடிங்’ (உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றி ஆயிலை நிரப்புவது), பேட் (ரோட்டரை இரண்டு பக்கமும் பிடிக்கும் கட்டை) இரண்டு செட், ஹோஸ் கட்டிங், லேபர், மொத்தம் 3,400 ரூபாய். துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதியது, கடை முத்திரை கிடையாது. வண்டியை எடுக்கும்போது, “லிவர் புடிச்சுப் பாரு தம்பி, கல்லு மாதிரி ஆயிடுச்சு” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது கல் மாதிரிதான் இருந்தது. ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் ஆயில். முன் லிவரின் மேல் ஸ்க்ரூவைத் திறந்ததும் உள்ளே வெளிர் மஞ்சள். ஷிமானோ பிரேக்குக்கு ஊற்ற வேண்டியது மினரல் ஆயில், ஷிமானோவுடையது இளஞ்சிவப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, மினரல் ஆயில் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், மகுராவுடையது நீலம். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரில் சிரிஞ்சால் நாலு சொட்டு விட்டது. மினரல் ஆயில் என்றால் ரசத்தின் மேல் நெய் மிதக்கிற மாதிரி வட்டமாக மிதக்கும். இது மிதக்கவில்லை. இழை இழையாகக் கீழே இறங்கி, ஸ்பூனால் ஒரு கலக்குக் கலக்கியதும் காணாமல் போய்விட்டது. தண்ணீரில் கரைகிற பிரேக் ஆயில் என்றால் டாட் வகை. மோட்டார் பைக்குக்கு ஊற்றுகிற டாட் 3, டாட் 4 எல்லாம் அந்த ஜாதிதான். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடமும் ஒரு டம்ளரும் போதும். அந்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடையில் கேட்டபோது வந்த பதில்: “பைக்குக்கே இதான் ஊத்துறோம், சைக்கிளுக்கு இன்னா?” கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் பிரச்சினை வண்டியின் எடையிலோ வேகத்திலோ இல்லை, உள்ளே இருக்கிற ரப்பர் சீலில் இருக்கிறது. மினரல் ஆயில் பிரேக்கில் இருப்பது ஒரு வகை ரப்பர், டாட் பிரேக்கில் இருப்பது இன்னொரு வகை. ஒன்றின் ஆயில் மற்றதில் பட்டால் சீல் ஊறி உப்பும். உப்பிய சீல், பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனைத் திரும்ப உள்ளே இழுக்காது, பேட் ரோட்டரை உரசிக்கொண்டே இருக்கும். லிவரைப் பிடித்து விட்டால் ‘டப்’பென்று வராமல் தயங்கித் தயங்கி வரும். இந்த வண்டியில் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது: முதல் வாரம் லிவர் மெதுவானது, இரண்டாம் வாரம் ‘ஷ்ஷ்’ என்று உரசல், மூன்றாம் வாரம் சக்கரம் நின்றது.

ஷிமானோ தன் சைக்கிள் பிரேக்குக்கு சீலைத் தனியாக விற்பதில்லை. சீல் போனால் லிவரும் காலிப்பரும் (சக்கரத்தின் பக்கம் இருந்து பேட்டை ரோட்டரில் அழுத்தும் பகுதி) மொத்தமாகப் போன மாதிரிதான். உடனே கண்டுபிடித்து வடித்து, நல்ல ஆயிலால் பலமுறை கழுவினால் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். நிறுத்துகிற சாமானில் அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

எது மினரல், எது டாட் என்று மனப்பாடம் பண்ண வேண்டாம். லிவர் மூடியிலோ காலிப்பரிலோ பொறித்திருக்கும். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மினரல். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட், ஆனால் அண்மையில் வந்த சில மாடல்கள் மினரலுக்கு மாறிவிட்டன. “ஸ்ராம்னாலே டாட்” என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிற ஆளிடமும் ஜாக்கிரதை.

அடுத்து பின் பிரேக். பில்லில் ‘ஃபுல் பிளீடிங்’. காலிப்பரின் பிளீட் நிப்பிள் (பிளீடிங்குக்குத் திறந்து மூடும் வால்வு) மேல் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றியதும் விஷயம் புரிந்துவிட்டது. நிப்பிளின் அறுகோணப் பக்கங்களில் எண்ணூர் ரோட்டுக் கரித்தூசி சேறு மாதிரி அப்பி, காய்ந்து, கீறல் இல்லாமல் இருந்தது. அதில் ஸ்பேனர் விழவே இல்லை. லிவரின் மேல் ஸ்க்ரூவைத் திறந்து டாட் ஆயிலை டாப்-அப் பண்ணி மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டாட் ஆயில் மினரலைவிடக் கனமானது, அதோடு கலக்காது. நாளடைவில் ஹோஸ் வழியாகக் கீழே இறங்கி காலிப்பர் சீலையும் தொடும்.

அப்படியென்றால் லிவர் எப்படிக் கல் மாதிரி ஆனது? சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பேட் இருக்கிறபடியே லிவரை இரண்டு மூன்று முறை அமுக்கினால் பிஸ்டன்கள் வெளியே தள்ளி வந்து நிற்கும். பேட்டுக்கும் ரோட்டருக்கும் இடைவெளி குறைந்துவிடும். பிஸ்டன் வெளியே நிற்கிற நிலையிலேயே லிவரில் ஆயிலை நிரப்பி மூடினால் அன்றைக்கு லிவர் கெட்டியாகத் தெரியும். உள்ளே காற்று அப்படியே இருக்கும். இதில் இன்னொரு கேடு: பின்னாளில் புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள இடம் இருக்காது, ஆயில் போக வழியில்லை. பலம் கொடுத்துத் தள்ளினால் லிவருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழியும்.

ஒழுங்கான பிளீடிங் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நடந்தது பிளீடிங் இல்லை என்று தெரியும். சக்கரமும் பேட்டும் வெளியே வர வேண்டும். பிஸ்டன்களை பிளாஸ்டிக் டயர் லிவரால் முழுக்க உள்ளே தள்ளி, அவை வெளியே வராமல் நடுவில் மஞ்சள் நிற பிளீட் பிளாக் வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிஸ்டன் விளிம்பு உடையும். ஹேண்டில்பாரில் லிவரைத் தளர்த்தி, ஆயில் தொட்டி தரைக்கு இணையாக நிற்கும்படி திருப்பி, மேலே ஃபனலை மாட்டுவது. காலிப்பர் நிப்பிளில் பெரும்பாலும் 7 மி.மீ. ஸ்பேனர். ஆயில் நிரப்பி, குமிழ் தட்டி எடுத்த சிரிஞ்சின் குழாயை அதில் சொருகி, நிப்பிளை எட்டில் ஒரு சுற்று திறந்து, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுவது. காற்று மேலே போகிற சாமான், அதனால் கீழிருந்து மேல்தான். குமிழ்கள் ஃபனலில் வந்து உடையும். ஸ்பேனர் கைப்பிடியால் காலிப்பரையும் ஹோஸையும் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டியிருக்கும் குமிழும் கிளம்பும்.

பிறகு நிப்பிளை மூடி, சிரிஞ்சை எடுத்துவிட்டு, பை கட்டிய குழாயை மாட்டுவது. லிவரை அமுக்கிப் பிடித்தபடி நிப்பிளை அரை விநாடி திறந்து மூடுவது, இப்படி இரண்டு மூன்று முறை. இந்த அரை விநாடியில்தான் காலிப்பருக்குள் ஒளிந்திருக்கும் கடைசிக் காற்று வெளியேறும், அவசரக்காரர்கள் விடுவதும் இதைத்தான். நிப்பிள் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். எல்லாம் முடிந்து, காலிப்பரையும் ரோட்டரையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் பேட் உள்ளே போக வேண்டும். 100 மி.லி. புட்டி இரண்டு பக்கத்துக்கும் தாராளம். இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரு டீ, ஒரு சமோசா நேரத்தில் முடிந்தது என்றால் டாப்-அப்தான் நடந்திருக்கிறது.

பேட் விஷயம். முன்பக்கம் ‘புதுப் பேட்’ என்று பில்லில் இருப்பது பழைய பேட். மேல்பரப்பில் உப்புத்தாள் தேய்த்த குறுக்குக் கோடுகள், பின்தகட்டின் ஓரத்தில் காசிமேட்டுக் காற்றுக்கு ஏற்ற துரு. ரெசின் பேட்டில் (பிசின் கலந்து செய்த மென்மையான பேட்) ஆயில் ஏறினால் உள்ளே ஊறிவிடும், மேல் தோலைத் தேய்த்தால் இரண்டு நாள் பிடிக்கும், மறுபடி கத்தும். பின்பக்கம் போட்டது நிஜமாகவே புதுசு, ஆனால் மெட்டல் பேட். அந்த ரோட்டரின் மேலேயே ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அந்த வகை ரோட்டரின் இரும்பு மென்மையானது, மெட்டல் பேட் அதை அரத்தால் ராவுகிற மாதிரி தின்றுவிடும். புதிதில் 1.8 மி.மீ. இருக்கும் ஷிமானோ ரோட்டர் 1.5 மி.மீ.க்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். வெர்னியர் வைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாது. பேட்டில் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. ஆனால் பேட்டுக்கு நாள் முடிந்தது.

கத்துகிற பிரேக்குக்கு டபிள்யூ.டி.40 (துரு நீக்கும் ஆயில் ஸ்ப்ரே) அடிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

ஹோஸ். பிளேடு வைத்து நேராக வெட்ட வேண்டியதைக் கட்டிங் பிளேயரால் கடித்திருக்கிறார்கள், வாய் நீள்வட்டமாக நசுங்கியிருந்தது. அதைவிட மோசம், பழைய ஆலிவையே மறுபடி போட்டது. ஆலிவ் என்பது ஹோஸைச் சுற்றி நசுங்கி அடைத்துக்கொள்ளும் சின்னப் பித்தளை வளையம். ஒருமுறை நசுங்கினால் அதன் கதை முடிந்தது. ஹோஸை எப்போது வெட்டினாலும் புது ஆலிவ், உள்ளே அடிக்கிற புது இன்சர்ட், இரண்டும் கட்டாயம். நட்டையும் ஆலிவையும் முதலில் ஹோஸில் ஏற்றிவிட்டு அப்புறம் இன்சர்ட் அடிக்க வேண்டும். ஹோஸை லிவருக்குள் முட்டும்வரை அழுத்திப் பிடித்தபடியே 8 மி.மீ. ஸ்பேனரால் இறுக்குவது, 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். இந்த வண்டியில் அந்த இணைப்பில் ஆயில் கசிந்து ஃபோர்க்கில் சொட்டி, சொட்டிய இடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொருமியிருந்தது. மினரல் ஆயில் பெயிண்டைத் தின்னாது. டாட் தின்னும். டம்ளர் சோதனைக்கு முன்பே அந்தப் பெயிண்ட் சாட்சி சொல்லிவிட்டது.

புதிதாக பிரேக் மாட்டுகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஆறு போல்ட் ரோட்டருக்கு டி25 (நட்சத்திர முனை) பிட், வட்டமாகச் சுற்றி இறுக்காமல் எதிரெதிர் போல்டாக இறுக்குங்கள், ஷிமானோ போல்டுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர். ஆறு போல்டுக்குப் பதில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக் ரோட்டர் என்றால் அந்த வளையத்துக்கு (லாக்ரிங்) 40. காலிப்பர் போல்ட் இரண்டையும் லேசாகத் தளர்த்தி, லிவரை அமுக்கிப் பிடித்தபடி மாற்றி மாற்றி 6 முதல் 8 வரை இறுக்கினால் காலிப்பர் தானே நடுவில் வந்துவிடும். அதற்கு முன்னால் சக்கரம் டிராப்அவுட்டில் (அச்சு உட்காரும் பிளவில்) முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோணலுக்குக் கோணலாக அமையும். புதுப் பேட் போட்டதும் 20 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு இருபது முறை, 30 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு பத்து முறை, முழுக்க நிறுத்தாமல் நடைவேகத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். அதற்குப் பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். கன்டெய்னர் லாரி வரிசையில் நிற்கிற எண்ணூர் விரைவுச் சாலையில் இதைச் செய்ய வேண்டாம், விடிகாலையில் ஆளில்லாத தெருவாகப் பாருங்கள்.

கடையை விட்டு வண்டியை எடுப்பதற்கு முன், ஆயில் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேட்டும் பழைய ஆலிவும் உங்கள் கைக்கு வர வேண்டும். லிவரை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். மெல்ல மெல்ல கிரிப்பை நோக்கிப் போனால் எங்கேயோ கசிகிறது. ஹோஸ் இணைப்பிலும் நிப்பிளிலும் வெள்ளை டிஷ்யூ சுற்றிப் பார்த்தால் இடம் தெரியும். முதல் அமுக்கில் மெத்தென்று இருந்து, நாலைந்து முறை பம்ப் பண்ணினால் கெட்டியாகி, கொஞ்ச நேரம் விட்டதும் மறுபடி மெத்தென்று ஆனால் காற்று இருக்கிறது. “ஆயில் கொதிச்சுப் போச்சு, அதான் சாஃப்ட் ஆயிடுச்சு” என்று சொன்னால் நம்பாதீர்கள். அது மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருபவர்களுக்கு நடக்கிற விஷயம். பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்குவதில் ஆயில் கொதிக்காது.

பராமரிப்பில் நம் ஏரியாவுக்கென்று இரண்டு சங்கதி. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து பிஸ்டனின் வெளி விளிம்பில் படியும், அதோடு பிஸ்டனை உள்ளே தள்ளினால் சீல் கீறும். பேட் மாற்றும்போதெல்லாம் காது குடையும் பஞ்சுக் குச்சியால் பிஸ்டனைத் துடைத்துவிட்டுத் தள்ளுங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீரில் இறக்கி ஓட்டினால், வீட்டுக்கு வந்ததும் பேட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பது நல்லது. டாட் ஆயில் பிரேக் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதில் 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கும். பாதி தீர்ந்த டாட் புட்டியைத் திறந்து வைத்து மாசக்கணக்கில் ஊற்றுகிற கடையிலும் அதே கதைதான்.

இந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் லிவர், காலிப்பர், ஹோஸ் செட்டாக மாற்ற வேண்டி வந்தது, பின் ரோட்டரோடு சேர்த்து. கடை ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. துண்டுச் சீட்டு என்பதால் இழுத்தடிக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டுக்கும் ஒழுங்கான பில் இருந்தால் வேலை சுலபம். வண்டியைக் கொடுக்கும்போதே கடைப் பெயர் போட்ட பில்லில் ‘மினரல் ஆயில், இன்ன கம்பெனி’, ‘ரெசின் பேட்’, ‘புது ஆலிவ், இன்சர்ட்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வண்டியைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.