நான்கு ஆண்டுகள்: ஒரு ஃபைபர் படகும் அதன் டிரெய்லரும்

படகு வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். டிரெய்லரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இந்த நான்கு ஆண்டுகளில் ஆறு முறை நடுவழியில் நின்றிருக்கிறேன். அதில் நான்கு முறை டிரெய்லரின் கைங்கரியம்.

2021-இல் 16 அடி ஃபைபர் படகையும் 15 குதிரைத் திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினையும் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) பழையதாக வாங்கினேன். வீடு வடசென்னையில், திருவொற்றியூரில். ஒரு ஞாயிறு எண்ணூர் முகத்துவாரம், மறு ஞாயிறு பழவேற்காடு என்று தூண்டிலோடு சுற்றுவது என் பித்து. கடலோரக் குப்பத்தில் இருப்பவர்களுக்கு டிராக்டர் வந்து படகை மணலில் ஏற்றிவிடும். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் ஒரு பட்டறையில் சதுர இரும்புக் குழாய்களை வைத்து டிரெய்லர் அடித்துக்கொண்டேன்.

முதல் அடி வாங்கியது மீஞ்சூர் தாண்டி. இடது சக்கரத்திலிருந்து அரைக்கும் சத்தம், பிறகு கருகிய வாடை. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பில் சூட்டால் கை வைக்க முடியவில்லை. பேரிங் பொடிந்து அச்சைக் கடித்திருந்தது. படகோடு நடுரோட்டில் நின்றவனைக் கன்டெய்னர் லாரிக்காரர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டு போனார்கள் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் அப்படியே பின்னால் தள்ளித் தண்ணீரில் இறக்கினால் அது சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் பிறகு கிரீஸ் மோர் நிறமாகி, அடுத்த சில வாரங்களில் பேரிங் துருப்பிடிக்கிறது. நான் பட்டறைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தவறு என் அவசரத்தில்தான் இருந்தது.

இப்போது கரைக்குப் போனதும் அரை மணி நேரம் டிரெய்லரைத் தொடுவதில்லை. தேநீர், தூண்டில் முடிச்சு, ஊர்க்கதை எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும். தண்ணீரில் கரையாத கிரீஸ் மட்டுமே போடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹப்பைக் கழற்றிப் பார்க்கிறேன். பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் பூட்டிய மாற்று ஹப் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும். போகும் வழியில் பத்து கிலோமீட்டர் தாண்டியதும் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அன்றைய மீன்பிடி அத்தோடு சரி.

அடுத்த தொல்லை விளக்கு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. பல்பை மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் இணைப்பில்தான் கோளாறு. டிரெய்லரின் இரும்புச் சட்டத்தையே எர்த்தாக நம்பியிருந்தார்கள். எண்ணூர்க் காற்றில் அந்த இணைப்பு ஆறு மாதம் தாங்கியதே பெரிது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, நீர் புகாத எல்இடி விளக்கு மாட்டிய பிறகு அந்தத் தலைவலி இல்லை. தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் இன்னும் சில நாள் மறந்துவிடுகிறேன்.

சதுரக் குழாயில் டிரெய்லர் அடிக்காதீர்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே உப்புத் தண்ணீர் தேங்கி இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் சுத்தியலால் தட்டியபோது ஒரு குழாய் அப்பளம்போல் உடைந்தது. ஒரு பக்கம் திறந்திருக்கும் சி-சேனல் இரும்பில் புதிதாக அடித்து, துளைகள் எல்லாம் போட்டு முடித்த பிறகே துத்தநாக முலாமுக்குக் கொடுத்தேன். முலாம் பூசிய பின் துளை போட்டால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். பழைய டிரெய்லரில் படகின் எடை நான்கு இடங்களில் மட்டும் அழுந்தியதால் அடிப்பகுதியில் நட்சத்திரம்போல் கீறல்கள் விழுந்திருந்தன. இப்போது நீள மரச்சட்டம் இரண்டு, மேலே பழைய கம்பளம். டயரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடித் தேய்வதற்கு முன் வெயிலில் நின்றே வெடித்துவிடுகிறது, மூடி வையுங்கள்.

இன்ஜினுக்கு வருகிறேன். ஒருநாள் பழவேற்காட்டில் முக்கால் மணி நேரம் கயிறு இழுத்தும் இன்ஜின் உயிர் பெறவில்லை. பக்கத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பெட்ரோல் டேங்கின் மூடியைப் பார்த்தார். "தம்பி, அது மூச்சு விட இடமே இல்லை. முதலில் அந்தத் திருகைத் திற" என்றார். திறந்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. அன்றிலிருந்து வரிசை மாறவில்லை: மூடியின் காற்றுத் திருகு, நிறுத்தும் பொத்தானில் மாட்டும் சிவப்புக் கயிறு, பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டை கையில் கெட்டியாகிறதா என்பது. இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவேன்.

பெட்ரோலும் முன்போல் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுக்க டேங்கில் விட்டு வைத்தேன். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது, கார்புரேட்டரில் பிசின் படிந்தது. இப்போது அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கிறேன், லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய். வீடு திரும்பியதும் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துகிறேன்.

அந்த ஓட்டம் நடப்பது ஒரு பிளாஸ்டிக் டிரம்மில். இங்கேதான் நான் பெரிய முட்டாளானேன். கடலில் ஓடிய இன்ஜினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவ வேண்டும் என்று படித்து, ஒழுங்காகச் செய்தும் வந்தேன். ஆனால் எங்கள் வீட்டு போர்த் தண்ணீரே உப்பு! இரண்டு ஆண்டுகள் உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன். இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது வெள்ளையாகக் கல் பிடித்திருந்தது. இப்போது மெட்ரோ தண்ணீரைத்தான் டிரம்மில் ஊற்றுகிறேன். அதற்கு வீட்டில் வாங்கும் வசவு தனிக் கணக்கு.

எண்ணூர்க் கழிமுகத்தில் ஓட்டுபவர்கள், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அடியில் சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்துவிட்ட இடம் அது. அந்தக் கலங்கல் நீர் ரப்பர் இறக்கைகளை உப்புத்தாள்போல் தேய்க்கும். இன்ஜினின் பின்னால் நூலாகப் பீய்ச்சும் நீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். சில சமயம் அந்தத் துவாரத்தில் சேறு அடைத்திருக்கும், தூண்டிலுக்குப் போடும் தடித்த தங்கூசி நரம்பை விட்டுக் குத்தினால் போதும். அதே தங்கூசி புரொப்பல்லரின் பின்னால் சுற்றிக்கொண்டால் அங்கே இருக்கும் ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அங்கே பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தபோது என் படகு தற்செயலாக வீட்டில் இருந்தது. தண்ணீரில் நின்ற மீனவர்களின் படகுகள் கறுப்பாகிப் போயின. டிரெய்லரை நான் மனமார மெச்சியது அந்த ஒரு மாதம்தான்.

பழுது பார்க்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போவதென்றால் மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகளின் வேலையே அங்கே தலைக்கு மேல் இருக்கும். என்னுடைய பதினைந்து குதிரையை யார் சீந்துவார்கள்? நான் மாசியிலேயே முடித்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு திரும்பி வரும்போது வலது ஹப் லேசாகச் சுட்டது. மாற்று ஹப்பை மாட்டிவிட்டேன். கழற்றியதற்குப் பேரிங் வாங்க, சனிக்கிழமை பாரிமுனை போக வேண்டும்.