செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு: எங்கள் வீட்டுத் தொலைபேசி

முப்பது ஆண்டுகளாகச் செம்புக் கம்பியில் இயங்கிய எங்கள் வீட்டுத் தொலைபேசியைச் சென்ற மாதம் ஃபைபர் இணைப்புக்கு மாற்றிக்கொண்டோம். பழைய எண் அப்படியே தொடர்கிறது. மழை பெய்தால் இரைச்சலுக்கு நடுவே குரலைத் தேட வேண்டியிருந்த தொல்லையும் அடியோடு ஒழிந்தது.

மோடத்தின் பின்புறத் துளையில் பழைய கருவியின் கம்பியைச் செருகினால் போதும் என்றார் பணியாளர். பொத்தான் கருவிக்கு அது உண்மைதான். ஆனால் அப்பா பத்திரப்படுத்தியிருந்த சுழல்வட்டுத் தொலைபேசியில் மணி அடிக்கிறது, பேசவும் முடிகிறது, எண்ணைச் சுழற்றினால் மட்டும் டயல் டோன் நிற்பதே இல்லை, ஏனெனில் எண்ணுக்கேற்ப அது அனுப்பும் மின்துடிப்புகளை எங்கள் மோடம் புரிந்துகொள்வதில்லை.

பெரிய குறை மின்வெட்டின்போதுதான் தெரிந்தது. செம்புக் கம்பி தொலைபேசி நிலையத்திலிருந்தே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவந்ததால், தெருவே இருண்டாலும் போன் ஒலிக்கும். இப்போதோ மோடம் அணைந்தால் போனும் ஊமையாகிவிடுகிறது. இணைப்பு தரும்போது இதை யாரும் சொல்லவில்லை (கேட்காதது எங்கள் தவறும்தான்). மோடத்துக்கென 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை வாங்கிப் பொருத்திய பிறகே அம்மா சமாதானமானார். முதியவர்கள் தனித்திருக்கும் வீடாயின், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.