மேக்ஸென்ட்டோட ஆறு வருஷம்: மேப் சீக்கிரம் வந்துடும், நம்பத்தான் நாளாகும்

ஒரு உயிரினம் எங்கெல்லாம் வாழ முடியும்னு கணிக்கிற வேலைக்கு ஆறு வருஷமா மேக்ஸென்ட் தான் ஓட்டிட்டு இருக்கேன். 2006ல ஃபிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபைர் மூணு பேரும் போட்ட பேப்பர்லேர்ந்து பிரபலமான சாஃப்ட்வேர், 2017ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. இதுல பிடிச்சதே, "இங்க இல்ல"ங்கிற டேட்டா கேக்காது, பாத்த இடங்களோட லாட்டிட்யூட் லாங்கிட்யூட் குடுத்தா போதும், ஒப்பிட்டுப் பாக்க அதுவே நாம குடுக்கற பகுதிலேர்ந்து 10,000 பின்னணிப் புள்ளிய குத்துமதிப்பா எடுத்துக்கும்.

மொத தடவை ஒரு தவளைக்கு ஓட்டினேன். வேர்ல்ட்க்ளிம்ங்கிற உலக க்ளைமேட் டேட்டாலேர்ந்து வெப்பம், மழை பத்தின 19 லேயரையும் (பயோ 1லேர்ந்து 19 வரைக்கும்) அப்படியே கொட்டினேன், கொஞ்ச நேரத்துல சிவப்பும் நீலமுமா மேப் (சிவப்புன்னா தவளைக்கு ஒத்துப்போற இடம்), ஏயூசி 0.95, அதாவது தவளை இருந்த இடத்தையும் பின்னணியையும் எவ்ளோ நல்லா பிரிக்குதுன்னு சொல்ற மார்க், 1 தான் உச்சம். அன்னைக்கு தலைகால் புரியல. அப்புறம் ரோடு லேயரை மேல வெச்சுப் பாத்தா சிவப்பு பூரா ரோட்டோரம்! தவளை ரோட்டை தேடிப் போகல, பாக்கப் போனவங்கதான் வண்டி போற இடத்துல மட்டும் பாத்திருக்காங்க. அந்த 0.95ம் ஏமாத்து வேலைதான், ஏன்னா பின்னணிய பாலைவனம் வரைக்கும் விரிச்சு வெச்சா ஈரக்காட்டு தவளைய பிரிச்சு சொல்றது என்ன பெரிய கஷ்டம்.

மானம் போன கதை ஒண்ணு இருக்கு. இன்னைய க்ளைமேட்டுக்கு வேர்ல்ட்க்ளிம் 2 எடுத்துட்டு, எதிர்காலத்துக்கு பழைய ஹார்ட் டிஸ்க்ல கிடந்த 1.4 லேயரை போட்டேன். ரிசல்ட் பாத்தா தவளைக்கு எங்கயுமே இடமில்ல, நானும் கவலையோட பாதி ரிப்போர்ட் எழுதிட்டேன், அப்புறம் ஏதோ சந்தேகத்துல ஒரு பிக்சல க்ளிக் பண்ணா வருஷ சராசரி வெப்பநிலை 261னு காட்டுது. பழைய வெர்ஷன்ல வெப்பநிலைய பத்தால பெருக்கி வெச்சிருப்பாங்க, 26.1 தான் 261. எர்ரரே வரல, க்ளாம்பிங் வேற ஆன்ல இருந்துச்சு, ட்ரெயினிங்ல பாக்காத பெரிய நம்பர் வந்தா அங்க இருந்த அதிகபட்ச அளவுக்கே சத்தமில்லாம இழுத்து வெச்சிடும். அன்னையிலேர்ந்து எந்த லேயரா இருந்தாலும் பத்து பிக்சல் கையால தொட்டுப் பாக்காம ரன் குடுக்கறதில்ல.

இன்னொண்ணு, அந்த 19 லேயர்ல வெப்பத்தையும் மழையையும் கலந்து செஞ்ச பயோ 8, 9, 18, 19 இந்த நாலையும் யோசிச்சு போடுங்க. உதாரணத்துக்கு, அதிக மழை பெய்ற மூணு மாசம் எதுங்கிறது பக்கத்து பக்கத்து பிக்சல்லயே மாறிடும், மேப்ல கத்தியால கீறின மாதிரி கோடு விழும். ரெகுலரைசேஷனையும் (மாடல் குடுத்த புள்ளிகளோட ரொம்ப ஒட்டிப்போகாம தடுக்கற அளவு) டீஃபால்ட் 1லயே விட்டுடாதீங்க, ஆர் (R) ப்ரோக்ராமிங் மொழில இருக்கற ஈஎன்எம்எவால் பேக்கேஜ்ல நாலஞ்சு அளவு போட்டு ஒப்பிடுங்க (மேக்ஸென்ட்டோட ஜாவா விண்டோவ விட்டுட்டு R மொழிக்கு மாறினதுல எனக்கு கிடைச்ச பெரிய லாபமே இதுதான்).

மேப்ல 0.7னு இருந்தா 70 சதவீதம் அங்க இருக்கும்னு நிறைய பேரு படிக்கறாங்க, அது அப்படி இல்லீங்க. க்ளைமேட் ஒத்துப்போகுது, அவ்ளோதான். நடுவுல ஒரு பெரிய ஆறு இருந்து தவளையால தாண்ட முடியலன்னாலோ, ஏற்கெனவே வேற ஒண்ணு அங்க இடத்த பிடிச்சிருந்தாலோ மாடலுக்கு எங்க தெரியப்போகுது?

போன மாசம் அதே பழைய தவளைய திரும்ப ஓட்டினேன், ரோட்டோரப் புள்ளிகள சலிச்சுட்டு, அது போய்ச் சேரக்கூடிய பகுதிக்குள்ள மட்டும் பின்னணிய வெச்சு, லேயர் ஆறே ஆறு. ஏயூசி 0.81க்கு இறங்கிடுச்சு. ஃபீல்டுக்கு பிரிண்ட் போட்டு வெச்சிருக்கறது இந்த மேப்பைத்தான்.