குமிழ் சொன்ன பொய்யும் ஊதா குக்கீகளும்: ஓடிஜி ஓவன், நாலு வருஷத்துக்குப் பிறகு

போன வாரம் ஒரு தோழி போன் செய்தாள். "உன்கிட்ட இருக்கிற அதே ஓடிஜி இப்போ தள்ளுபடியில வருது. வாங்கலாமாடி?" ஓடிஜி என்றால் ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சாரப் பெட்டி. அவள் கேட்ட நேரம் சரியில்லை. மெக்கானிக் வந்து, ஓவனின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டுப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதல் ஈடு குக்கீயை வேகாத மாவாக வெளியே எடுத்த கையோடு நான் போனை எடுத்திருந்தேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, நல்லதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஆற அமர உட்கார்ந்து எழுதலாம் என்று இதை ஆரம்பிக்கிறேன். ஆறினேனா இல்லையா என்பது படித்தால் தெரியும்.

எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். ரொட்டி, கேக் எப்படி வரும் என்றால், நன்றாகவே வரும், அதை வேறு யாராவது எழுதட்டும். இந்த ஓவனில் நான் செய்த வேலையில் முக்கால்வாசி ஒன்றே ஒன்றுதான்: வசந்தம் வந்தால் வண்ணச் சர்க்கரையில் புரட்டிய குக்கீ சுடுவது. இளஞ்சிவப்பு, மஞ்சள், இளம்பச்சை, இளம் ஊதா. மாவிலும் நிறம், மேலே அதே நிறத்தில் சர்க்கரை. ஒரு தட்டில் அடுக்கி வைத்தால் பூக்கடையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஓவனின் குணத்தைத் தெரிந்துகொள்ள இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது. கேக் கொஞ்சம் சிவந்தால் அழகு, வண்ண குக்கீ சிவந்தால் போச்சு. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவது 140 டிகிரியைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். நடுப்பகுதி வெந்து, ஓரம் பழுப்பாகாமல் இருக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் தட்டை வெளியே எடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

என் அளவு இது: 115 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, 190 கிராம் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், துளி வெனிலா, சிட்டிகை உப்பு. 20 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 22 வரும். என் தட்டில் ஒரு ஈட்டுக்கு 9 தான் கொள்ளும், அதற்கு மேல் வைத்தால் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நிறத்துக்கு ஜெல் கலர்தான். தண்ணீராக உள்ள கலரை மாவு வெளிறாமல் இருக்கும் அளவுக்கு ஊற்றினால் குக்கீ பரந்து போகிறது, கடித்தால் சவ்வு மாதிரி இழுக்கிறது. இயற்கை நிறமும் முயன்று பார்த்தேன். பீட்ரூட் சாறு மாவில் இருக்கும்வரை ரோஜாப்பூ, ஓவனில் போய் வந்தால் செம்மண். மஞ்சள்தூள் ஒன்றுதான் நிலைத்தது. அதிலும் ஒரு தடவை பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டதே என்று சோடாவைப் போட்டு, மஞ்சள் குக்கீகள் செங்கல் நிறத்தில் வந்தன. மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்பதைப் பள்ளி ஆய்வகத்தில் படித்தவள்தான் நான். அடுப்படியில் அது ஞாபகம் வந்தால்தானே.

ஊதாவைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். வெண்ணெயும் மஞ்சள், முட்டைக்கருவும் மஞ்சள். ஊதாவுக்கு மஞ்சள் நேர் எதிரி. கொஞ்சமாகக் கலர் போட்டால் சாம்பல் நிறம், நிறையப் போட்டால் கத்திரிக்காய். முட்டையின் வெள்ளையை மட்டும் சேர்த்து, வெண்ணெயை வெளுக்கும்வரை நன்றாக அடித்தால் ஓரளவு தேறும். இது ஓவனின் குற்றம் இல்லை, ஆனால் அந்தப் பழியையும் முதல் ஆறு மாதம் அதன் மேல்தான் போட்டேன்.

சரி, ஓவனின் குற்றத்துக்கு வருகிறேன்.

முதல் வருஷம் பூராவும் என் குக்கீகளின் ஓரம் பழுப்பாகத்தான் வந்தது. 175 டிகிரி, 10 நிமிடம் என்று எங்கும் போட்டிருக்கும். நானும் அப்படியே வைப்பேன். வெண்ணெயை மாற்றினேன், மாவை மாற்றினேன், கலரை மாற்றினேன். கடைசியில் காட்டிக்கொடுத்தது சர்க்கரைதான். மேலே புரட்டுகிற சர்க்கரை கற்கள் பெரிதாக உள்ள ரகம். வெந்த பிறகும் அது கல் கல்லாக மின்ன வேண்டும், அதுதான் இந்தக் குக்கீயின் அழகே. ஆனால் தட்டின் வலது பின்மூலையில் இருந்த இரண்டு குக்கீகளில் மட்டும் சர்க்கரை உருகி, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. விரல் நகத்தால் தட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்தது.

சர்க்கரை உருகுவது 186 டிகிரி வாக்கில். அதை வைத்து ஓவனைச் சோதிக்கும் பழைய உத்தி ஒன்று உண்டு. அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் செய்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, 175-இல் 15 நிமிடம் வைத்தால் உருகக் கூடாது. 190-இல் வைத்தால் உருக வேண்டும். நான் 160-இல் வைத்தேன். உருகியது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம், சூட்டைத் திருகி வைக்கிற அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றேன். 12 மாதமாக என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாளே உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். குமிழ் காட்டுவதைவிட உள்ளே 25 டிகிரி அதிகம். விளக்கு அணைந்தால் ப்ரீஹீட், அதாவது முன்கூட்டிச் சூடாக்குவது, முடிந்தது என்று கையேடு சொல்கிறது. அதுவும் பொய். அணைந்த பிறகும் சூடு ஏறும், பின் இறங்கும், மறுபடி ஏறும். இரண்டு மூன்று சுற்று போன பிறகுதான் அடங்கும். விற்பனைக்குப் பிறகான சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் மேடம்" என்றார்கள். 25 டிகிரி கொஞ்சமா?

திட்டிக்கொண்டே பழகிவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்: 150, 10 நிமிடம், ஐந்தாவது நிமிடம் தட்டைத் திருப்பு. வலது பின்மூலையைக் காலியாக விடு.

இந்தத் திட்டுக்கு நடுவில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இந்த ஓவனில் சூடேற்றும் மேல் ராடை அணைத்துவிட்டுக் கீழ் ராடை மட்டும் எரியவிடலாம். வாங்கும்போது இதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. வண்ண குக்கீக்கு இதுதான் வரம். மேலிருந்து நேராக அனல் அடிக்காததால் நிறம் போட்டபடி இருக்கும், சர்க்கரை பழுப்பாகாது. அடி கருகாமல் இருக்க ஒரே மாதிரி இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பட்டர் பேப்பர் விரித்துக்கொள்வேன். இப்படி முதல் தடவை சுட்டு எடுத்த அந்த இளம்பச்சையை மறக்க முடியாது. தளிர் இலையின் பின்பக்கம் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நிறம். ஓரத்தில் துளி பழுப்பு இல்லை. மேலே சர்க்கரை பனி மாதிரி நின்றது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஐந்துக்கு ஆறு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

புரட்டும் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கும் ஓவனுக்கும் சம்பந்தம் இல்லை. சர்க்கரையில் புரட்டிவிட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சர்க்கரை மாவின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கரைந்து, காலையில் நிறம் ஒழுகிப் பரிதாபமாக நிற்கும். மாவை மட்டும் அரை மணி நேரம் குளிர வையுங்கள், உருட்டுங்கள், உள்ளங்கைச் சூட்டில் மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும், அப்போது புரட்டி உடனே உள்ளே. புரட்டாத உருண்டைகளை ஃப்ரீசரில் வைக்கலாம், தப்பில்லை.

அப்புறம் போன மாதம். ஊதா ஈடு உள்ளே இருக்கிறது. விளக்கு அணையவே இல்லை. நான் அதைக் கவனிக்காமல் அடுத்த ஈட்டுக்கு மஞ்சள் சர்க்கரையைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தேன். வாசனை வந்து திரும்பினால் தெர்மாமீட்டர் முள் 250-ஐத் தாண்டி நிற்கிறது. சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்தபோது ஒன்பதும் கரி. வந்து பார்த்த மெக்கானிக், "தெர்மோஸ்டாட்ல கான்டாக்ட் ஒட்டிப்போச்சுக்கா, அதான் கட் ஆகல" என்றார். புதிதாக ஒன்றைப் போட்டார். அரை மணி நேர வேலை.

வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான். புதிய தெர்மோஸ்டாட் உண்மை பேசுகிறது. 150 என்றால் உள்ளே 150, முன்னப்பின்ன ஐந்து டிகிரி. நாலு வருஷம் இதைத்தானே கேட்டேன்? ஆனால் நோட்டில் இருக்கிற அத்தனை கணக்கும் பொய்க்கு ஏற்ப எழுதியது. பழைய பழக்கத்தில் 150 வைத்து, பத்தாவது நிமிடம் எடுத்தால் நடுவில் விரல் புதைகிறது. தோழி போன் செய்தது அப்போதுதான்.

அடுத்த ஈடு 175-இல் வைத்தேன். வெந்தது, ஆனால் பழைய அழகு இல்லை. பழைய தெர்மோஸ்டாட் நேரம் கழித்து அணைந்து நேரம் கழித்து எரியும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப எந்த நிமிடத்தில் தட்டைத் திருப்ப வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. புதியது வேறு தாளத்தில் போகிறது. வலது பின்மூலை மட்டும் மாறவில்லை, அங்கே இன்னும் சர்க்கரை உருகுகிறது. இது தெர்மோஸ்டாட் கோளாறு இல்லை, பெட்டியின் பிறவிக்குணம் போல.

ஆக, தோழிக்குப் பதில். கீழ் ராடு தனியாக எரிவது அருமை. நாலு வருஷத்தில் கெட்டது ஒரே ஒரு பாகம், அதுவும் எளிதில் மாற்றக்கூடியது. கதவு ரப்பர் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, கண்ணாடி மங்கவில்லை. நான் சுட்ட மிக நல்ல குக்கீகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். வாங்காதே. தள்ளுபடி இருந்தாலும் வாங்காதே. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் தெர்மாமீட்டரையும் சேர்த்து வாங்கு, முதல் நாளே சர்க்கரைக் கிண்ணத்தை உள்ளே வை. என்னுடையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறாயா என்று நீ கேட்டாய் பார், அதற்குப் பதில்: இல்லை, கொடுக்க மாட்டேன்.

ஃப்ரீசரில் ஊதா உருண்டைகள் இன்னும் நாலு இருக்கின்றன. ராத்திரி 170-இல் வைத்துப் பார்க்கப்போகிறேன். நோட்டில் பென்சிலால்தான் எழுதுவேன்.