பி.எச்.சி.க்கு ஆக்சிஜன்: சிலிண்டரா, கான்சன்ட்ரேட்டரா?

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏதாவது வாங்கித் தரலாம் என்று நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு, பலருக்கும் மனசு, காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கான்சன்ட்ரேட்டர் பக்கம்தான் சாய்கிறது. ரீஃபில் தொல்லை இல்லை, பிளக்கில் மாட்டினால் போதும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனாலும் அவசர சிகிச்சை என்று பார்த்தால் என் ஓட்டு முதலில் சிலிண்டருக்கே.

வண்டி மோதி ரத்தம் கொட்டக் கொட்டத் தூக்கி வரப்படுகிறவரையும், வலிப்பு நிற்காத குழந்தையையும் நினைத்துப் பாருங்கள். பை வைத்த மாஸ்க் போட்டு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் கொடுக்க வேண்டியிருக்கும். சிலிண்டரில் வால்வைத் திறந்த கையோடு அது கிடைக்கும், கரன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கான்சன்ட்ரேட்டர் அறைக் காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனை சியோலைட் துகள்களில் பிடித்துவைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆக்சிஜனை வெளியே விடுகிற கருவி. சுவிட்சைப் போட்டதுமே அந்த அளவு வந்துவிடாது, சில நிமிடம் ஓட வேண்டும். 5 லிட்டர் மெஷினை எவ்வளவு திருகினாலும் 5 லிட்டருக்கு மேல் தராது. 10 லிட்டர் மெஷினும் 15ஐ எட்டாது.

சிலிண்டரின் குறை, அது தீர்ந்துபோகும். எப்போது தீரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம் என்பதுதான் ஆறுதல். சின்ன பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம் தாங்கும். ரெகுலேட்டர் முள் 50இல் நின்றால் மிச்சம் 500 லிட்டர், அதாவது 50 நிமிடம். 108 வந்து சேர அதற்கு மேல் ஆகும் ஊர் என்றால், அந்த சிலிண்டரை அப்போதே மாற்றிவிட வேண்டும். பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும், ஆனால் இரவு டூட்டியில் தனியாக இருக்கும் செவிலியரால் அதை நகர்த்த முடியாது.

கான்சன்ட்ரேட்டர் ஜெயிக்கும் இடம் வேறு. நிமோனியாவில் நெஞ்சு உள்வாங்க மூச்சிழுக்கும் குழந்தைக்கு மூக்குக் குழாயில் ஒன்று, இரண்டு லிட்டர் போதும், ஆனால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வேண்டும். விறகடுப்புப் புகையிலும் பீடியிலும் நுரையீரல் கெட்டுப்போன பெரியவர்களுக்கும் கொஞ்சமாக, நீண்ட நேரம்தான் தேவை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் மழையில் பாதை அடைபட்டால் ரீஃபில் ஏறி வராது. அங்கே மெஷின் இல்லாமல் ஓட்டவே முடியாது. ஆனால் கரன்ட் போனால்? 5 லிட்டர் மெஷின் சுமாராக 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால், அது புதிதாக இருக்கும்வரை, மூன்று மணி நேரம் ஓட்டலாம். ஃபேன், லைட், தடுப்பூசி ஃபிரிட்ஜ் எல்லாம் அதே இன்வெர்ட்டரில் என்றால் அதுவும் கிடைக்காது.

பராமரிப்பு என்று வந்தால் இரண்டுமே ஏமாற்றும். சிலிண்டர் நிறைந்திருக்கும், திறக்கிற ஸ்பேனர் பூட்டிய அலமாரியில் இருக்கும். அந்த ஸ்பேனரைச் சங்கிலி போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். ரெகுலேட்டர் எப்போதும் மாட்டியே இருக்கட்டும். வால்வு இறுகிவிட்டதென்று யாராவது எண்ணெய் தடவ வந்தால் தடுத்துவிடுங்கள், அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். மெஷினோ, ஓட்டாமல் மூடி வைத்தால்தான் கெடும். சியோலைட் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிறகு நைட்ரஜனைப் பிடிக்காது. தண்ணீர்க் குடுவையில் குமிழி வரும், சத்தம் வரும், நோயாளிக்குப் போவது ஏறக்குறைய வெறும் காற்றாக இருக்கும். நோயாளி இல்லாவிட்டாலும் வாராவாரம் கொஞ்ச நேரம் ஓட்டி, பின்பக்க ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். கொரோனா காலத்தில் வந்த மெஷின்கள் உங்கள் ஊர் நிலையத்தில் இருந்தால், புதிது வாங்கும் முன் அவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டுக்கும் முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். அது இல்லாமல் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாது. மற்றொன்று, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என மூன்று அளவிலும். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தவருக்கு மூக்கில் எத்தனை லிட்டர் விட்டாலும் நெஞ்சு அசையாது. பையை அழுத்தித்தான் மூச்சு கொடுக்க வேண்டும். சிலிண்டரும் மெஷினும் இல்லாத நேரத்திலும் அறைக் காற்றை வைத்தே அந்தப் பை வேலை செய்யும்.

ஆகவே சமவெளியில், 108 சீக்கிரம் வந்துவிடும் நிலையத்துக்கு இரண்டு பி டைப் சிலிண்டர். ஒன்று கதவருகே மாட்டியபடி, ஒன்று கையிருப்பில். மலையிலோ ஒதுக்குப்புறத்திலோ இருந்தால் அதோடு ஒரு கான்சன்ட்ரேட்டர். மெஷின் தருகிறவர்கள் ஸ்டெபிலைசர், தனி இன்வெர்ட்டர், சர்வீஸ் ஒப்பந்தம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால் இன்னொரு பி டைப்பும் ரெகுலேட்டரும் வாங்கிக் கொடுப்பதே மேல்.