அளவுசாடி: கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு பள்ளி ஆய்வகத்துக்கு அளவுசாடி, அதாவது திரவத்தை அளக்கும் கோடுபோட்ட உயரமான குழாய், வாங்குவதென்றால் முதலில் வரும் கேள்வி இதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

கண்ணாடியில் தண்ணீர் சுவரோடு ஒட்டி ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தப் பிறைத்தளத்தின் அடிப்பகுதி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அளவு. சாடியை மேசையிலேயே வைத்துவிட்டு நீங்கள் குனியுங்கள். கண் மேலே இருந்தால் அளவு கூடுதலாகத் தெரியும், கீழே இருந்தால் குறைவாகத் தெரியும். பின்னால், பிறைக்குச் சற்றுக் கீழே, ஒரு கறுப்புத் தாளைப் பிடித்தால் விளிம்பு பளிச்சென்று தெரியும்.

பாலிப்ரொப்பிலீன் சாடியில் இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும். ஆனால் சாடியே பால் போல மங்கல், கோடுகளும் பல மாடல்களில் அதே நிறத்தில் புடைத்திருக்கும். நிறமில்லாத திரவத்தைப் பார்க்கக் கண் வலிக்கும். டொலுயீன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் பட்டால் பிளாஸ்டிக் உப்பிவிடும். சூடான அடுப்பில் உலர்த்தினால் வடிவம் மாறும், வடிவம் மாறினால் கோடுகள் பொய் சொல்லும். நீர்த்த அமிலம், காரம் எல்லாம் தாராளமாகத் தாங்கும்.

உடைவது கண்ணாடியின் பெரிய குறை. மேலே மாட்டும் பிளாஸ்டிக் வளையம் அழகுக்கு அல்ல. சாடி சாய்ந்தால் வாய் மேசையில் மோதாமல் காக்கத்தான். படிக்க மறைக்கிறதென்று மாணவர்கள் அதை அடிக்குத் தள்ளிவிடுவார்கள். ஊற்றும் மூக்குக்குச் சற்றுக் கீழே திரும்ப ஏற்றி வையுங்கள்.

டர்பன் கோடை வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். சாடிகள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவைதான். ஆனால் 30 டிகிரியில் 100 மி.லி. தண்ணீரில் வரும் வித்தியாசம் ஏறத்தாழ 0.26 மி.லி. மட்டுமே. துல்லியம் கூடிய ஏ வகுப்பு 100 மி.லி. சாடிக்கு அனுமதிக்கப்படும் பிழையே ±0.5, துல்லியம் குறைந்த பி வகுப்புக்கு ±1 மி.லி.

இனி அந்த முக்கியமான கேள்வி: எந்த அளவுச் சாடி? 8 மி.லி. அமிலத்தை பி வகுப்பு 100 மி.லி. சாடியில் எடுத்தால் பிழை 12.5 சதவீதம் வரை போகலாம். அதையே 10 மி.லி. சாடியில் எடுத்தால் ±0.2, அதாவது 2.5 சதவீதம். ஒரே ஊற்றலில் கொள்ளும் மிகச் சிறிய சாடியை எடுப்பது, கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்ற வாதத்தைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

டைட்ரேஷனுக்கு, அதாவது ஒரு கரைசலின் செறிவைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, கண்ணாடிச் சாடி, பிளாஸ்டிக் சாடி இரண்டுமே வேண்டாம். திரவத்தை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாயான பிப்பெட்டில், 10 மி.லி. ஏ வகுப்புக்குப் பிழை ±0.02 தான். முகவையின் (பீக்கரின்) கோடுகளோ வெறும் உத்தேசம்.

கரும்புச்சாற்றில் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி காட்டும் மிதவை) மிதக்கவிட மட்டும் உயரமான பிளாஸ்டிக் சாடியே என் தேர்வு, மிதவை சுவரில் உரசாத அளவுக்கு அகலம் இருந்தால்.