மாத்திரையை ‘முழுசாக’ விழுங்குவதும் க்ரியா அகராதியும்

மொழிபெயர்ப்பு வேலைக்கு எந்த அகராதி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாவது, 2020இல் மூன்றாவது. மூன்றாம் பதிப்பு வந்த அதே ஆண்டு நவம்பரில் அதை வெளியிட்ட பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் மறைந்துவிட்டார். புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்துவிடுகிறது.

போன வாரம் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றில் ‘மாத்திரையை முழுதும் சாப்பிடவும்’ என்று எழுதிவிட்டு, அதைத் தாண்டிப் போக முடியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். உடைக்காமல் விழுங்கச் சொல்கிறேனா, கொடுத்த அத்தனை நாளும் சாப்பிடச் சொல்கிறேனா? இரண்டுக்கும் ‘முழு’தானே வேர். இந்த மாதிரி இடத்தில் பொருள் மட்டும் தரும் அகராதி கைகொடுக்காது, வாக்கியம் வேண்டும். க்ரியா பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லி, கூடவே நாம் பேசுகிற, எழுதுகிற மாதிரியே எடுத்துக்காட்டும் தருகிறது. அதைப் படித்துக்கொண்டே போனால் நம் காதும் விழித்துக்கொள்கிறது: சாப்பாடு ‘நிறைவாக’ இருந்தது என்போம், ‘முழுமையாக’ இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. நிறைவு மனசைச் சேர்ந்தது, முழுமை பொருளைச் சேர்ந்தது.

பழைய பொருள் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். பழைய நூல்களில் ‘முழுமுதல்’ என்றால் பருத்த அடிமரம், ‘முழுமக்கள்’ என்றால் அறிவில்லாதவர்கள்! குறையே இல்லாதவர்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம், தமிழ் கற்பவர்களுக்கு ஒன்று: ‘முழுக்க’ வேறு, ‘முழுக்கு’ வேறு. ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் குளிக்கும் மாயவரத்துக் கடைமுழுக்கும், கர்ப்பமாக இருப்பதைச் சொல்லும் ‘அவள் முழுகாமல் இருக்கிறாள்’ என்பதும் குளியலோடு சேர்ந்தவை.

தினசரி எழுத்துக்கு க்ரியா, பழம்பாடல் படிக்க லெக்சிகன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் க்ரியாவை வாங்குங்கள், மற்றது இணையத்திலேயே கிடைக்கிறது. கையேட்டில் கடைசியில் இரண்டு வரியாகப் பிரித்துவிட்டேன்: ‘மாத்திரையை உடைக்காமல் முழுசாக விழுங்கவும். காய்ச்சல் விட்டாலும், கொடுத்த மாத்திரைகள் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கவும்.’